வண்டியோடு வண்டி பேசும்போது

ஓடும் வாகனம் ஒன்று தன் இருப்பிடம், வேகம், செல்லும் திசை, பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் நொடிக்குப் பத்து முறை வானலையில் அறிவித்துக்கொண்டே போகும். சுற்றிலும் ஏறத்தாழ 300 மீட்டருக்குள் இருக்கும் மற்ற வாகனங்கள் அதைக் கேட்டு, மோதல் நேரக்கூடுமா என்று கணக்கிட்டு ஓட்டுநரை எச்சரிக்கும். வாகனங்களுக்கு இடையிலான தகவல் தொடர்பு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். நடுவில் செல்போன் கோபுரமோ சர்வரோ தேவையில்லை. செய்தி வண்டியிலிருந்து வண்டிக்கு நேரே போகிறது. இதற்கென 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அமெரிக்கா 1999-இல் ஒதுக்கியது. வைஃபையிலிருந்து பிறந்த முறை ஒன்று, செல்பேசித் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த முறை ஒன்று என இரண்டு இன்று போட்டியில் இருக்கின்றன. அலையை அனுப்பும் விதத்தில்தான் வேறுபாடு. செய்தியைப் பாதுகாக்கும் வழி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

சிவகங்கை மாவட்டத்துச் சாலைகளில் இதன் பயன் என்னவாக இருக்கும் என்பதை எளிதாக நினைத்துப் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார் காவடியோடு பல ஊர் மக்களும் சேர்ந்து குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழநிக்கு நடக்கிறார்கள். விடியுமுன் இருட்டிலேயே கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் போவார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரே நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். கூட்டத்தைக் கண்டு லாரி பிரேக் போடுகிறது. அதன் பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு அது தெரியும். பேருந்துக்குப் பின்னால் வரும் கார்க்காரருக்கு எதுவும் தெரியாது. லாரியின் செய்தி நேராகக் காருக்கு வந்துவிட்டால், இரண்டு நொடியாவது முன்னதாக அவர் கால் பிரேக்குக்குப் போகும். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அந்த ஓராண்டில் மாநிலச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். இரண்டு நொடி என்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் உண்மைச் செய்தியை நம்பிப் பிரேக் போடும் வண்டி, பொய்ச் செய்தியை நம்பியும் பிரேக் போடும். வெறும் நெடுஞ்சாலையில் ‘முன்னால் விபத்து’ என்று ஒருவர் பொய்யாக அறிவித்தால் பின்னால் வரும் வண்டிகள் திடீரென நிற்கும், அதுவே விபத்தாகும். ‘ஆம்புலன்ஸ் வருகிறது’ என்று பொய் சொன்னால் சிக்னல் பச்சையாகும். வாகனத் தொடர்பின் பாதுகாப்பு என்றதும் பலர் ரகசியம் காப்பதைத்தான் நினைக்கிறார்கள். இங்கே செய்தி ரகசியமே இல்லை. எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அனுப்பப்படுகிறது. சொன்னது யார், சொன்னது இப்போதுதானா, சொன்னது மெய்தானா என்ற மூன்றைத் தெரிந்துகொள்வதே இங்குள்ள சிக்கல். அதையும் சொன்னவரின் நடமாட்டத்தை ஊருக்குக் காட்டிக்கொடுக்காமல் செய்ய வேண்டும்.

வண்டிகள் தங்களுக்குள் நேரே பேசிக்கொள்வது இந்தியச் சாலைகளில் இன்னும் பரவவில்லை. ஆனால் வெளியுலகத்தோடு பேசும் வண்டிகள் ஏற்கெனவே ஏராளம். 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். ஏஐஎஸ்-140 என்ற தரநிலைப்படி அமைந்த அந்தக் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறது. இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களின் குறிப்பையும் அது வாங்கும். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் புதிய பேருந்தும், பிள்ளையார்பட்டிக்குச் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிச் செல்லும் புதிய வேனும் இந்த விதிக்குள் வருபவை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ 2019-இல் வந்தபோதே இணையத்தோடு பிணைந்த கார் என்றுதான் விற்கப்பட்டது. ஓசூரில் உருவாகும் டிவிஎஸ், ஏத்தர் மின்ஸ்கூட்டர்கள் செல்போன் செயலியோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகின்றன. திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு வரும் வழியில் டோல்கேட்டைக் கடக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஃபாஸ்டேக் வில்லை இருக்கிறது.

ஃபாஸ்டேக் தொடர்பாக நடந்த ஒரு சம்பவம் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும். 2022 ஜூனில், கண்ணாடி துடைக்கும் சிறுவன் ஒருவன் கைக்கடிகாரத்தை வில்லையருகே காட்டிப் பணத்தைத் திருடுவதுபோல ஒரு வீடியோ நாடு முழுதும் பரவியது. அது போலி. வில்லையில் பணம் இல்லை. அதை ரேடியோ அலையால் படித்தால் ஓர் எண்தான் கிடைக்கும். பணம் நகர வேண்டுமென்றால் அந்த எண்ணோடு பதிவுபெற்ற சுங்கச்சாவடியின் கணினி, பதிவுபெற்ற வங்கி வழியாகக் கோரிக்கை வைக்க வேண்டும். இன்னாரிடமிருந்து மட்டுமே கோரிக்கை ஏற்கப்படும் என்ற பட்டியல் முன்பே இருக்கிறது. வழிப்போக்கர் அலையைக் கேட்கலாம்; ஆனால் சுங்கச்சாவடியின் பெயரில் பேச முடியாது. வீடியோவைப் பார்த்துப் பதறியவர்களின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருந்தன.

அவற்றில் முதலாவது வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய காரில் பல பத்துச் சிறு கணினிகள் உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. இவை பேசிக்கொள்வது கேன் என்ற பொதுக்கம்பி வழியாக. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய முறை அது. அன்று காருக்குள் வெளியார் யாரும் நுழைய வழியே இல்லை. ஆகவே கம்பியில் வரும் செய்தியில் அனுப்பியவர் யார் என்ற குறிப்பே வைக்கப்படவில்லை. ‘பிரேக்கை விடு’ என்ற செய்தி பிரேக் மிதியிலிருந்து வந்ததா, பாட்டுப் பெட்டியிலிருந்து வந்ததா என்று கேட்கும் ஏற்பாடு இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 2010-இல் ஒரு காரை எடுத்துச் சோதித்து, அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டால் பிரேக் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் கைப்பற்றலாம் என்று காட்டின. கம்பியைத் தொட யார் காருக்குள் வரப்போகிறார்கள் என்பதே அப்போது தொழில்துறையில் பலர் சொன்ன பதில்.

அந்தப் பதில் ஐந்தே ஆண்டுகளில் செல்லாமல் போயிற்று. 2015 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் நெடுஞ்சாலையில் ஒரு ஜீப் செரோக்கி போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு பத்திரிகையாளர். சோதனைக்கு ஒப்புக்கொண்டு ஏறியவர். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் மைல்கள் தள்ளி ஒரு வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏசி தானாக ஓடியது, பாட்டு அலறியது, வைப்பர் அசைந்தது. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. காரின் பாட்டுப் பெட்டிக்குள் இருந்த செல்போன் இணைப்பு, அதை வழங்கிய செல்போன் நிறுவனத்தின் வலைக்குள் இருக்கும் எவரும் கடவுச்சொல் இன்றி நுழையும்படி திறந்து கிடந்தது. அங்கிருந்து பக்கத்துச் சில்லை மாற்றி எழுதி, கேன் கம்பிக்குள் இறங்கினார்கள். ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. உயிர்ச்சேதம் இல்லாமல் இந்தப் பாடம் கிடைத்தது பெரிய விஷயம். தாங்கள் கண்டுபிடித்ததை இருவரும் பல மாதங்களுக்கு முன்பே நிறுவனத்துக்குச் சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இதற்குப் பிறகு வந்த வடிவமைப்புகளில் வெளியோடு பேசும் பகுதிக்கும் பிரேக், ஸ்டியரிங் பகுதிக்கும் நடுவே ஒரு காவல் கணினி வைக்கப்படுகிறது. எந்தச் செய்தி உள்ளே போகலாம் என்பதை அது முடிவு செய்யும். புதிய வண்டிகளில் கேன் செய்திகளுக்கே ஒரு சிறு சரிபார்ப்புக் குறி சேர்க்கப்படுகிறது. இருந்தும் பழைய பலவீனம் முற்றிலும் போய்விடவில்லை. முகப்பு விளக்கின் பின்னால் ஓடும் கம்பியைப் பிடித்துப் போலிச் செய்தி செலுத்திக் கதவைத் திறந்து காரை ஓட்டிச் செல்லும் திருட்டு, 2022-இல் லண்டனில் ஒரு ஆய்வாளரின் சொந்தக் காருக்கே நடந்தது.

வானலைச் செய்திக்கு வரும் தாக்குதல்கள் வேறு வகை. எளியது, அலைவரிசையை இரைச்சலால் நிரப்பி யாரும் யாரையும் கேட்க முடியாமல் செய்வது. இதைத் தடுப்பது கடினம். ஆனால் அப்போது வண்டி பழையபடி ஓட்டுநரின் கண்ணையும் தன் கேமராவையும் நம்பி ஓடும், அவ்வளவுதான். அதைவிடக் கெட்டது, பொய்ச் செய்தி. அடுத்தது, உண்மைச் செய்தியைப் பதிவு செய்து வைத்துப் பிறகு ஒலிபரப்புவது: நேற்று ஆம்புலன்ஸ் அனுப்பிய நிஜமான அறிவிப்பை இன்று மீண்டும் அனுப்பி வழி கேட்பது. இன்னொன்று, ஒரே கருவி நூறு வண்டிகள்போல நடித்துச் சாலையில் இல்லாத நெரிசலைக் காட்டுவது. செயற்கைக்கோள் குறிப்பையே ஏமாற்றுவதும் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழு 2013-இல் மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய உல்லாசப் படகைப் போலி ஜிபிஎஸ் அலையால் திசை மாற்றிக் காட்டியது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை அணுகிய விமானங்களுக்கே போலி ஜிபிஎஸ் குறிப்புகள் வந்தன. இருப்பிடம் தவறினால் வண்டி நேர்மையாகவே பொய் சொல்லும்.

பொய்ச் செய்திக்கும் பழைய செய்தியை மீண்டும் ஒலிபரப்புவதற்கும் முதல் மருந்து மின்கையொப்பம். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று வெளியே போகாத ரகசியச் சாவி. வண்டிக்குள் உடைத்துப் படிக்க முடியாதபடி செய்யப்பட்ட ஒரு சில்லில் அது இருக்கும். மற்றொன்று எல்லோருக்கும் கொடுக்கும் பொதுச் சாவி. செய்தியை ரகசியச் சாவியால் கணக்கிட்டு ஒரு முத்திரை போடப்படுகிறது. 64 பைட் அளவுதான். கேட்கும் வண்டி பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். செய்தியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. நேரமும் இடமும் செய்திக்குள்ளேயே எழுதப்பட்டு முத்திரைக்குள் அடங்கிவிடுவதால், நேற்றைய செய்தி இன்று செல்லாது. மதுரையில் பதிவு செய்ததைத் திருப்பத்தூரில் ஒலிபரப்பினாலும் செல்லாது.

ஆனால் பொதுச் சாவி உண்மையிலேயே ஒரு வண்டியுடையதுதான் என்று எதை வைத்து நம்புவது? வழியில் எதிரே வரும் வண்டியை இதற்குமுன் பார்த்ததே இல்லை. இனிப் பார்க்கப்போவதும் இல்லை. வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற காலத்தில் இதே கேள்வி பணத்துக்கு எழுந்தது. ஒரு கடையில் எழுதிய உண்டியல் என்ற பணச்சீட்டை, எழுதியவரின் முகத்தையே அறியாத இன்னோர் ஊர்க் கடைக்காரர் பார்த்ததும் பணம் கொடுத்தார். தாளில் இருந்த விலாசம் எந்தக் குடும்பத்துக் கடையுடையது, அந்தக் கடை பேச்சு மாறாதது என்பதைச் சமூகம் முழுதும் அறிந்திருந்ததே காரணம். வாகனங்களின் உலகில் சான்றிதழ் ஆணையம் அந்த வேலையைச் செய்கிறது. எல்லோரும் நம்பும் மூல ஆணையம் ஒன்று. அது நம்பிக் கையொப்பமிட்ட துணை ஆணையங்கள் சில. அவை சோதித்துச் சான்று கொடுத்த வண்டிகள் கோடிக்கணக்கில். செய்தியோடு சான்றிதழும் வரும். கேட்கும் வண்டி சங்கிலியின் மேல்முனை வரை சரிபார்த்துவிட்டுத்தான் செய்தியை ஏற்கும். இவை அனைத்தும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிய வேண்டும். சுற்றிலும் நூறு வண்டிகள் இருந்தால் நொடிக்கு ஆயிரம் முத்திரைகளைச் சரிபார்க்க வேண்டும். இதற்கென்றே தனிச் சில்லுகள் செய்யப்படுகின்றன.

இங்கே ஒரு புதிய சிக்கல் எழுகிறது, இந்தத் துறையிலேயே அழகான தீர்வும் இதற்குத்தான் கிடைத்திருக்கிறது. வண்டி நொடிக்குப் பத்து முறை தன் பெயரில் கையொப்பமிட்டு இருப்பிடத்தைச் சொன்னால், சாலையோரம் சில வாங்கிகளை வைத்திருப்பவர் எவரும் அந்த வண்டி எப்போது வீட்டைவிட்டுக் கிளம்புகிறது, எந்த மருத்துவமனைக்குப் போகிறது, எந்தக் கட்சி அலுவலகத்தில் நிற்கிறது என்று வரைபடம் போட்டுவிடலாம். ஆகவே வண்டிக்கு நிலையான பெயர் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட சான்றிதழ் மேலாண்மை முறையில் ஒவ்வொரு வண்டிக்கும் வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள் தரப்படும். வண்டி அவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே போகும். எல்லாமே உண்மையான சான்றிதழ்கள். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவு வெளியே தெரியாது.

புனைபெயர்களைக் கொடுக்கும் ஆணையத்துக்குத் தெரியுமே என்று கேட்கலாம். அதற்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. வண்டியின் அடையாளத்தை அறிந்த அலுவலகம் வேறு, புனைபெயரில் கையொப்பமிடும் அலுவலகம் வேறு. முதல் அலுவலகத்துக்கு வண்டி எது என்று தெரியும், அதற்குப் போன சான்றிதழ் எது என்று தெரியாது. இரண்டாவதற்குச் சான்றிதழ் தெரியும், வண்டி தெரியாது. பொய் சொல்லும் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் இவை சேர்ந்து வேலை செய்யும். அப்போது ஒரு சிறு குறிப்பு வெளியிடப்படும். அதை வைத்து மற்ற வண்டிகள் அந்த வண்டியின் இனிவரும் புனைபெயர்கள் அனைத்தையும் இனம்கண்டு ஒதுக்கிவிடும். தனிமனித அந்தரங்கத்தையும் பொதுப் பாதுகாப்பையும் ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடாமல் காக்கும் இந்த ஏற்பாடு, மற்ற அரசுத் தரவுத்தளங்களுக்கும் பொருந்தக்கூடியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2023-இல் இயற்றிய இந்தியா, சாலைச் செய்திகளுக்கு முறை வகுக்கும்போது இதைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. அலுவலகங்களைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைப்பது செலவு குறைவுதான். ஆனால் அந்த ஒரு சர்வர் உடைந்தால் நாட்டின் நடமாட்டம் முழுதும் வெளியாகும்.

கையொப்பம் சரியாக இருந்தாலும் செய்தி மெய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் மிகவும் கடினமான பகுதி. முறையாகச் சான்றிதழ் பெற்ற தன் வண்டியையே ஒருவர் பொய் சொல்ல வைக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்தார்கள். வண்டிகள் அனுப்பும் இருப்பிடத்தைக் கேட்டுப் பச்சை விளக்கின் நேரத்தைத் தீர்மானிக்கும் ஒரு சிக்னல் முறையை அவர்கள் கணினி மாதிரியில் எடுத்துக்கொண்டார்கள். சந்திப்பில் நிற்கும் ஒரே ஒரு வண்டி, தான் தூரத்தில் மெதுவாக வந்துகொண்டிருப்பதாகப் பொய் சொன்னது. வராத வண்டிக்காகப் பச்சை காத்திருந்தது. நெரிசல் ஏறி, அரை நிமிடத்தில் கடக்க வேண்டிய இடத்தில் வண்டிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏழு நிமிடத்துக்கும் அதிகமாகச் சிக்கின. காரைக்குடி பெரியார் சிலைச் சந்திப்பில் மாலை நேரத்தில் அப்படி நடந்தால் செக்காலை ரோட்டின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கேட்கும் வண்டி தன் அறிவையும் பயன்படுத்த வேண்டும். சொன்ன வேகத்தில் போனால் அந்த வண்டி இப்போது அந்த இடத்தில் இருக்க முடியுமா? அது சொல்லும் இடத்தில் ஏற்கெனவே இன்னொரு வண்டி இருக்கிறதா? 50 மீட்டர் முன்னால் லாரி இருக்கிறது என்றால் கேமராவிலும் ரேடாரிலும் அது தெரிய வேண்டாமா? அலை வந்த திசையும் பலமும் சொன்ன தூரத்தோடு ஒத்துப்போகின்றனவா? இப்படிப் பொருந்தாதவற்றைப் பிடித்து ஆணையத்துக்குப் புகார் அனுப்புவது வண்டியின் கடமைகளில் ஒன்றாக்கப்பட்டிருக்கிறது. ஒரே வண்டியின் புகாரை வைத்து யாரையும் ஒதுக்கிவிடவும் கூடாது. பொய்ப்புகாரும் ஒரு தாக்குதல்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் வாகன வலையமைப்பை ஆய்வுத் தலைப்பாக எடுப்பவர்களுக்கு இந்தப் பகுதியில் செய்ய நிறைய இருக்கிறது. ஜெர்மனியில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் சுமோ என்ற மென்பொருளில் தங்கள் ஊர்ச் சாலை வரைபடத்தையே ஏற்றிச் சோதிக்கலாம். ஆடுமாடு, சைக்கிள், ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் மொபெட் எல்லாம் கலந்த சாலையில் எது இயல்பு, எது பொய் என்று பிரிக்கும் விதிகளை மிச்சிகனிலிருந்து கொண்டுவர முடியாது. இங்கேதான் எழுத வேண்டும்.

சாலையில் இனிமேல்தான் வர வேண்டிய ஒன்று, இந்தியத் தண்டவாளத்தில் ஏற்கெனவே இயங்குகிறது. ரயில்கள் மோதாமல் தடுக்கும் கவச் முறை 2020-இல் தேசிய முறையாக ஏற்கப்பட்டது. தண்டவாளத்தில் பதித்த வில்லைகளைப் படித்து எஞ்சின் தன் இடத்தை அறிகிறது. ரேடியோ வழியாக நிலையத்தோடும், ஒரே பாதையில் எதிர்ப்படும் மற்றொரு எஞ்சினோடும் பேசுகிறது. ஆபத்து என்றால் ஓட்டுநர் கை வைக்காமலே பிரேக் விழுகிறது. அதன் செய்திகளைச் சரிபார்ப்பதற்கான சாவிகளை வழங்க ஒரு சாவி மேலாண்மை மையம் உண்டு. ரயிலில் இது சற்று எளிது: எஞ்சின்கள் எல்லாம் ஒரே உரிமையாளருடையவை, எண்ணிக்கை ஆயிரங்களில் அடங்கும், எஞ்சின் செகண்ட்ஹேண்டில் கைமாறுவது அரிது, பராமரிப்பும் பணிமனைகளில்தான். சாலையில் இந்த நான்குமே தலைகீழ்.

அதனால்தான் உலகில் இதுவரை நடந்த பெரிய ஊடுருவல்களில் பல, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே நடக்கவில்லை. சர்வரிலும் மலிவான துணைக்கருவியிலும் நடந்தன. 2010-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் கிளம்ப மறுத்தன; சில நள்ளிரவில் ஹாரன் அடித்தன. தவணை கட்டாதவர் காரை நிறுத்துவதற்காக விற்பனையகம் பொருத்திய கருவியை, வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஊழியர் சக ஊழியரின் கணக்கில் நுழைந்து இயக்கியிருந்தார். 2022-இல் மைகோடஸ் என்ற சீன நிறுவனத்தின் ஜிபிஎஸ் கருவியில் பெருங்குறைகள் இருப்பதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. 169 நாடுகளில் சுமார் 15 லட்சம் வண்டிகளில் இந்நிறுவனத்தின் கருவிகள் இருந்தன. தொடக்கக் கடவுச்சொல் 123456. தொலைவிலிருந்து எரிபொருளை நிறுத்தும் வசதியும் அதில் இருந்தது. 2024-இல் சாம் கரி என்பவரும் நண்பர்களும், அமெரிக்காவில் ஓடும் கியா கார்களின் நம்பர் பிளேட் எண் ஒன்றை மட்டும் வைத்துக் காரின் இருப்பிடத்தை அறிந்து பூட்டைத் திறக்கலாம் என்று கண்டு நிறுவனத்துக்குச் சொன்னார்கள். காரில் குறையே இல்லை. டீலர்களுக்கான இணையதளத்தில்தான் குறை இருந்தது. அது பிறகு சரிசெய்யப்பட்டது.

பேருந்துகள் விஷயத்தில் நார்வே செய்தது குறிப்பிடத்தக்கது. ஆஸ்லோவின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டர், 2025-இல் தன் மின்பேருந்துகளை ஒரு மலைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய், வெளி அலை எதுவும் எட்டாத இடத்தில் சோதித்தது. யூடோங் என்ற நிறுவனத்தின் பேருந்தில் மென்பொருள் புதுப்பிப்புக்காக இருந்த சிம் வழியாக உற்பத்தியாளர் பேட்டரிக் கட்டுப்பாட்டை எட்ட முடியும், கோட்பாட்டளவில் பேருந்தை நிறுத்தவும் முடியும் என்று தெரியவந்தது. யாரும் அப்படிச் செய்ததாக அர்த்தமில்லை. வாங்கும் நிறுவனம் தானே பிரித்துப் பார்த்தது என்பதுதான் இதில் முக்கியம். சென்னை மாநகரில் 2025 ஜூன் முதல் தாழ்தள மின்பேருந்துகள் ஓடுகின்றன. மற்ற ஊர்களுக்கும் அவை வரும். டெண்டரில் மைலேஜும் பேட்டரி உத்தரவாதமும் கேட்பதுபோல, யாருக்கெல்லாம் இந்தப் பேருந்துக்குள் தொலைவிலிருந்து நுழைய வழி இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். காரைக்குடி இந்தக் கதையில் வெறும் பார்வையாளர் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. பேட்டரி ஆய்வு அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. மின்வண்டியில் பேட்டரியைக் காக்கும் கணினியும் இணையத்தோடு பேசுகிறது. மின்னேற்றத்தையே தூரத்து ரேடியோ அலையால் அறுக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் காட்டிவிட்டார்கள்.

விதிகளைப் பொறுத்தவரை திருப்பம் ஐக்கிய நாடுகளின் ஆர்-155 ஒழுங்குவிதியோடு வந்தது. 2020-இல் ஏற்கப்பட்ட இது, வண்டி விற்கும் நாளில் பாதுகாப்பாக இருந்தால் போதாது, அதன் ஆயுள் முழுதும் தாக்குதல்களைக் கண்காணித்துத் திருத்தும் அமைப்பு நிறுவனத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் அது கட்டாயம். அதற்கேற்பப் பழைய மின்னமைப்பை மாற்றுவது கட்டுப்படியாகாததால், பெட்ரோலில் ஓடும் மக்கான் போன்ற மாடல்களை போர்ஷே அங்கே விற்பதையே நிறுத்தியது. அந்த விதியைத் தழுவி இந்தியா வகுத்தது ஏஐஎஸ்-189. இணையம் வழி மென்பொருள் புதுப்பிப்புக்கு ஏஐஎஸ்-190. ஊடுருவல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது; இது நிறுவனங்களின் சர்வர்களுக்கும் பொருந்தும்.

விதி காகிதத்திலிருந்து சாலைக்கு வரும் வழியில் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தேவகோட்டை, கல்லல் போன்ற ஊர்களில் கார்கள் கம்பெனி சர்வீஸைவிட்டுச் சில ஆண்டுகளிலேயே வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவை நம்பி ஓடுவது உள்ளூர் மெக்கானிக்கை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் அவர் செருகும் ஸ்கேனர், கேன் கம்பிக்கு நேர்வழி. அங்கே செருகியே விட்டுவிடும் மலிவான புளூடூத் வில்லைகளும் கடைகளில் கிடைக்கின்றன. பாதுகாப்பைக் காரணம் காட்டித் துளையையே பூட்டிவிட்டால், கம்பெனி தவிர யாரும் வண்டியைத் தொட முடியாது. அது மெக்கானிக்கின் பிழைப்பிலும் வண்டிக்காரரின் பையிலும் கை வைப்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதையொத்த கேள்வி 2020-இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் போய், பழுதுபார்க்கும் உரிமை வென்றது. நேர்மையான வழி, பதிவுபெற்ற மெக்கானிக்குக்கும் ஒரு மின்சான்றிதழ் கொடுத்து, அவர் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று வரையறுப்பது.

வண்டிக்காரர் கையில் இருப்பவையும் சில உண்டு. பழைய வண்டியை விற்கும்போது ஆர்சி புத்தகத்தை மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். செயலியிலிருந்து வண்டியை நீக்குவது பலருக்குத் தோன்றுவதில்லை. நீக்காவிட்டால் விற்றவரின் செல்போனிலிருந்து புது உரிமையாளரின் காரைத் தேடலாம், சில மாடல்களில் திறக்கவும் செய்யலாம். வெளியில் வாங்கிப் பொருத்தும் ஜிபிஎஸ் கருவியின் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். எரிபொருளை நிறுத்தும் வயரை இணைக்காமல் பொருத்தும்படி கேட்கலாம். மென்பொருள் புதுப்பிப்புக் கேட்டுத் திரையில் வரும் அறிவிப்பைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் இதில் சேரும்; ஜீப்பின் ஓட்டையை அடைத்ததும் ஒரு மென்பொருள் புதுப்பிப்புதான்.

இன்று விற்கும் வண்டி 2040-இலும் ஓடும் என்பது பொறியாளர்களுக்கு வேறொரு கவலையைத் தருகிறது. இப்போதைய 64 பைட் முத்திரையை, போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் போலியாக இட முடியும். அதற்கு அடங்காத புதிய முத்திரை முறையை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அதில் மிகச் சிறிய முத்திரையே 2,420 பைட். நொடிக்குப் பத்து முறை, நூறு வண்டிகள், குறுகிய அலைவரிசை என்று கணக்கிட்டால் இது சாலையில் அடங்காது. முத்திரையைத் துண்டுகளாகப் பிரித்து அடுத்தடுத்த செய்திகளில் அனுப்புவது, சான்றிதழை எப்போதாவது ஒருமுறை மட்டும் புதிய முறையில் சரிபார்ப்பது, இன்னும் சிறிய முத்திரை தரும் வேறு கணித முறைகளைத் தேடுவது என்று பல வழிகளில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லைப் பிறகு புதிய முறைக்கு மாற்றும்படி இப்போதே வடிவமைக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.